செட்பிக்சல் மெதுவா, நாம் மெதுவா?

வாசகர் கேள்வி: 4 பிப்ரவரி 2023

க்யூட் என்ற செயலி நூலகத்தின் 6.2 பதிப்பைக் கொண்டு, ஸ்கேன் செய்த பழைய பக்கங்களின் மஞ்சள் பின்புலத்தை வெளுக்கும் சிறு செயலி ஒன்றை சி++ மொழியில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பிக்சலாகப் படித்து, கணக்கிட்டு, ஒரு பிக்சலின் நிறத்தை மாற்றும் செட்பிக்சல் செயற்கூறு மூலம் திருப்பி எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிவதற்குள் பொறுமை போய்விடுகிறது. க்யூட்டில் படத்தை வைத்திருக்கும் க்யூஇமேஜ் என்ற வகுப்பு திரையில் படம் காட்டுவதற்கு மட்டுமே ஏற்றது, பிக்சல் வேலைக்குப் படச் செயலாக்க நூலகமான ஓப்பன்சிவிக்கு மாறிவிடுவதே சரி என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

4 பிப்ரவரி 2023, இரவு

மறுக்கிறேன். நானும் இதே வேலையில்தான் இருக்கிறேன். என் தாத்தா தம் மளிகைக் கடையில் எழுதி வைத்திருந்த கடன் நோட்டுகளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, கண்ணுக்குப் படிக்கக் கிடைக்கும் அளவுக்கு வெளுத்துக்கொண்டிருக்கிறேன். ஓர் ஏ4 பக்கத்தின் அகலம் 2480, உயரம் 3508. மொத்தம் சுமார் 87 லட்சம் பிக்சல்கள். செட்பிக்சல் ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் அந்தப் புள்ளி படத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறது, அந்தப் படத்தின் தரவை வேறொரு க்யூஇமேஜ் பகிர்ந்துகொண்டிருக்கிறதா என்று பார்க்கிறது, பிக்சல்களை நினைவகத்தில் அடுக்கும் ஃபார்மேட் எது என்று பார்த்து அதற்குரிய கிளைக்குப் போகிறது, அதன் பிறகுதான் நான்கு பைட்டை எழுதுகிறது. ஒரு கிலோ அரிசியை மணி மணியாக எண்ணி, ஒவ்வொரு மணிக்கும் தனி ரசீது போட்டு விற்கிற கடை அது. இந்த அழைப்பு செலவு மிக்கது என்று க்யூட்டின் ஆவணமே எச்சரிக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். படத்தை முதலில் கன்வர்ட்டூஃபார்மேட் வழியாக ஆர்ஜிபி32-க்கு (பிக்சலுக்கு 32 பிட், அதாவது நான்கு பைட், எடுக்கும் ஃபார்மேட்) மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு முறை ஸ்கேன்லைனை அழைத்து, அது தரும் சுட்டியை (அந்த வரி தொடங்கும் நினைவக முகவரியை) க்யூஆர்ஜிபி என்ற 32 பிட் நிற எண்ணின் சுட்டியாக எடுத்துக்கொண்டு, அந்த வரி முழுவதையும் சாதாரண அணியைப் போலக் கையாளுங்கள். 87 லட்சம் அழைப்புகள் 3508 ஆகச் சுருங்கிவிடும். அல்லது படத்தின் முதல் பைட்டுக்கான சுட்டியைத் தரும் பிட்ஸ் என்ற செயற்கூற்றை ஒரே முறை அழைத்து, வரி எண்ணை அகலத்தால் பெருக்கி, நினைவகம் முழுவதையும் ஒரே நீளப் பட்டையாக நினைத்து நடக்கலாம்.

5 பிப்ரவரி 2023

கேட்டவர் க்யூபிக்ஸ்மேப்பில் படத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதை க்யூஇமேஜாக மாற்றும் டூஇமேஜை அழைக்கிறார் என்று தெரிகிறது. க்யூபிக்ஸ்மேப் திரைக்காக வைத்திருப்பது. அதன் பிக்சல்களைத் தொட அது நேரடியாக வழி தருவதில்லை, வரைகலை இழைக்கு (திரையை வரையும் நிரலோட்டத்துக்கு) வெளியே அதைப் பயன்படுத்தவும் கூடாது. க்யூஇமேஜை எந்த இழையிலும் கையாளலாம். வேலை முழுவதையும் க்யூஇமேஜிலேயே முடித்துவிட்டு, கடைசியில் ஒரு முறை மட்டும் பிக்ஸ்மேப்பாக மாற்றுங்கள்.

7 பிப்ரவரி 2023

முதல் குறிப்பில் நான் செட்பிக்சலைத் தேவைக்கு மேல் திட்டிவிட்டேன். இன்று என் பழைய நிரலை எடுத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தபோதுதான், அதை இவ்வளவு நாளும் பிழை தேடுவதற்காக வேகப்படுத்தாமல் கட்டும் டீபக் கட்டமைப்பிலேயே ஓட்டி வந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. க்யூரெட், க்யூகிரீன் போன்றவை பிக்சலின் நிறக்கூறுகளைப் பிரித்துத் தரும் ஒரு வரிச் செயற்கூறுகள்; வேகப்படுத்திக் கட்டும் ரிலீஸ் கட்டமைப்பில் தொகுப்பான் அவற்றைக் கரைத்துவிடும், டீபக்கில் ஒவ்வொன்றும் உண்மையான அழைப்பாகவே நிற்கும். ரிலீஸில் கட்டிய அதே செட்பிக்சல் நிரல், நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் முன்பே முடிந்துவிட்டது. ஸ்கேன்லைன் இப்போதும் வேகமானதுதான். ஆனால் கேட்டவர் சொல்லும் அளவுக்குப் பொறுமை போகிறது என்றால், குற்றவாளி செட்பிக்சல் மட்டுமாக இருக்க முடியாது.

அவர் பிக்சல்கலர் என்ற செயற்கூற்றையும் பயன்படுத்துகிறார் என்றால் அதுவும் ஒரு காரணம். அது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு க்யூகலர் பொருளைக் கட்டித் தருகிறது. அந்தப் பொருள் ஒவ்வொரு நிறக்கூறையும் 16 பிட்டாக வைத்துக்கொள்கிறது. 8 பிட் படத்துக்கு இந்த உபசாரம் தேவையில்லை.

8 பிப்ரவரி 2023

கேட்டவர் தன் சுழற்சியின் அமைப்பை விவரித்திருக்கிறார், குற்றவாளி கிடைத்துவிட்டது. இதே தவற்றை நான் சென்ற ஆண்டு செய்து, 16 ஜிபி நினைவகம் உள்ள கணினியை மவுஸ் அம்புகூட நகராத நிலைக்குக் கொண்டுபோயிருக்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

க்யூஇமேஜ் தன் தரவை உள்ளுக்குள் பகிர்ந்துகொள்ளும் வகுப்பு. ஒரு படத்தை மற்றொரு மாறிக்கு ஒதுக்கினால் பிக்சல்கள் நகலாவதில்லை. இரண்டும் ஒரே நினைவகத்தைப் பார்க்கின்றன, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடுகிறது. யாராவது ஒருவர் எழுத முற்படும்போது, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருந்தால், எழுதுகிறவருக்கு முழுப் படமும் தனியாக நகலெடுக்கப்படுகிறது. இதைத்தான் டிட்டாச் என்கிறார்கள். நாள் முழுவதும் நமக்கு நல்லது செய்கிற ஏற்பாடு இது.

இப்போது கேட்டவரின் நிரலைப் பாருங்கள். பின்னணி இழை ஒரு வரியை வெளுக்கிறது. உடனே, "இதுவரை முடிந்தது இவ்வளவு" என்று பயனருக்குக் காட்டுவதற்காக, படத்தையே ஒரு சிக்னலில் (க்யூட்டில் ஒரு பகுதி மற்றொன்றுக்கு அனுப்பும் செய்தியில்) வைத்து வரைகலை இழைக்கு அனுப்புகிறது. சிக்னல் வரிசையில் காத்திருக்கும் வரை அந்தப் படத்தை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். அடுத்த வரிக்காக ஸ்கேன்லைனை அழைத்த அந்தக் கணத்தில் முழுப் பக்கமும் நகலாகிறது. ஆர்ஜிபி32-இல் ஒரு பக்கம் சுமார் 3.48 கோடி பைட். அது 3508 வரிகளுக்கும் நடந்தால், ஒரே ஒரு பக்கத்தை வெளுக்கச் சுமார் 122 ஜிபி தரவு நினைவகத்துக்குள்ளேயே நகலாகியிருக்கும். வரைகலை இழை சற்றுத் திணறினால், வரிசையில் நிற்கும் ஒவ்வொரு சிக்னலும் ஒரு முழுப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போதுதான் கணினி படுத்துவிடுகிறது.

முன்னேற்றத்தைக் காட்டத்தான் வேண்டும் என்றால் வரி எண்ணை மட்டும் அனுப்புங்கள். படமே வேண்டும் என்றால், நூறு வரிக்கு ஒரு முறை, சிறிதாக்கிய பிரதி ஒன்றை அனுப்புங்கள். இந்த ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டு, செட்பிக்சலை அப்படியே விட்டுவைத்தாலும் வேகத்தில் வித்தியாசம் தெரியும்.

8 பிப்ரவரி 2023, பின்னிரவு

ஓப்பன்சிவிக்கு மாறியிருந்தால் இது நடந்திருக்காதே என்று ஒருவர் கேட்கிறார். அங்கும் ஒதுக்கீடு தரவைப் பகிரத்தான் செய்கிறது. ஆனால் எழுதும்போது தானாகப் பிரியாது. அதனால் மெதுவாகியிருக்காது, பயனர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் அவர் கண் முன்னால் மாறியிருக்கும். எந்தத் தொல்லை வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

11 பிப்ரவரி 2023

என் முதல் குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது, அதை நம்பி யாரும் நிரல் எழுதுவதற்கு முன் திருத்திவிடுகிறேன். "வரி எண்ணை அகலத்தால் பெருக்கி நடக்கலாம்" என்று எழுதியிருந்தேன். ஆர்ஜிபி32 போன்ற 32 பிட் ஃபார்மேட்டுகளில், க்யூட்டே ஒதுக்கிய நினைவகத்தில், அது சரி. ஆர்ஜிபி888-இலோ (பிக்சலுக்கு மூன்று பைட்) கிரேஸ்கேல்8-இலோ (பிக்சலுக்கு ஒரு பைட்) அது பொறி. க்யூஇமேஜ் தானே உருவாக்கும் படத்தின் ஒவ்வொரு வரியும் நான்கு பைட் எல்லையில்தான் தொடங்கும். வரியின் நீளம் நான்கால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பைட்டுகளை இட்டு நிரப்பிக்கொள்ளும்.

பொறி என்று சொல்லக் காரணம், அது எல்லாப் படத்திலும் பிடிபடாது என்பதுதான். முழு ஏ4 பக்கத்தில் ஒரு வரி 2480 பெருக்கல் 3, அதாவது 7440 பைட்; நான்கால் மீதியின்றி வகுபடும். ஆகவே தவறான நிரலும் சரியாகவே ஓடும். நான் பல வாரம் அப்படித்தான் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் நோட்டின் தைத்த ஓரத்தை மூன்று பிக்சல் வெட்டிவிட்டுப் பார்த்தேன். அகலம் 2477 ஆயிற்று. வரிக்கு 7431 பைட், உண்மையில் ஒதுக்கப்பட்டது 7432. வரிக்கு ஒரு பைட்தான் பிசகு. ஆனால் அடுத்த வரியில் அது இரண்டாகிறது, அதற்கடுத்ததில் மூன்றாகிறது. பக்கத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது எழுத்துகள் ஏறக்குறைய 1169 பிக்சல், அதாவது பாதிப் பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக, ஓரமாகச் சாய்ந்திருந்தன. அதோடு சிவப்பு பச்சையாகவும் பச்சை நீலமாகவும் வரிக்கு வரி சுழன்றதால், மொத்தப் பக்கமும் மெல்லிய வானவில் கோடுகளால் நெய்யப்பட்டிருந்தது. தாத்தாவின் கடன் கணக்கு சின்னாளப்பட்டுச் சேலையைப் போல மின்னியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

படம் சாய்ந்து தெரிந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். பெருக்கும் இடத்தில் அகலத்துக்குப் பதிலாக பைட்ஸ்பெர்லைன் தரும் எண்ணை (ஒரு வரி உண்மையில் எடுக்கும் பைட்டுகளை)ப் போடுங்கள். வெளியிலிருந்து வரும் நினைவகத்தை வைத்து க்யூஇமேஜைக் கட்டும்போதும் இதையே செய்யுங்கள்: வரி நீளத்தை ஏற்கும் கட்டமைப்பானை அழையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தரும் வரிகளும் நான்கு பைட் எல்லையில் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும்.

12 பிப்ரவரி 2023

முகங்கள் நீலமாகத் தெரிகின்றன என்பவருக்கு: உங்கள் கணினி இன்டெல் என்றால், ஆர்ஜிபி32 பிக்சலின் பைட்டுகள் நினைவகத்தில் நீலம், பச்சை, சிவப்பு, ஆல்ஃபா (ஒளிபுகாமையின் அளவு) என்ற வரிசையில்தான் கிடக்கும். பெயரை நம்பி முதல் பைட்டைச் சிவப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். க்யூஆர்ஜிபி எண்ணாக வாசித்து க்யூரெட் மூலம் எடுத்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் ஆர்ஜிபி888 பெயருக்கு ஏற்ப சிவப்பு, பச்சை, நீலம் என்றே கிடக்கும். ஓப்பன்சிவியிலிருந்து படத்தைக் கொண்டுவருகிறவர்களுக்கு, க்யூட் 5.14 முதல் பிஜிஆர்888 என்ற ஃபார்மேட்டே இருக்கிறது. நிறங்களை இடம் மாற்ற ஒரு சுற்று தேவையில்லை.

15 பிப்ரவரி 2023

"பழைய நிலைக்குத் திரும்பு" என்ற பொத்தானை வைத்தேன். அது திரும்ப மறுத்தது. பகிர்வைப் பற்றி 8ஆம் தேதி பாடம் நடத்திய நானே இதில் ஒரு மாலையைத் தொலைத்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நான் செய்தது இது: முதலில் பிட்ஸ் அழைத்துச் சுட்டியை வாங்கிக்கொண்டேன், பிறகு, மாற்றங்களுக்கு முன் ஒரு பிரதி இருக்கட்டும் என்று படத்தை "பழையது" என்ற மாறிக்கு ஒதுக்கினேன், அதன் பிறகு அந்தச் சுட்டியின் வழியாக எழுதினேன். டிட்டாச் நடப்பது பிட்ஸ், ஸ்கேன்லைன், செட்பிக்சல் போன்ற எழுதும் செயற்கூறுகளை அழைக்கும் கணத்தில் மட்டுமே. ஏற்கெனவே கையில் இருக்கும் சுட்டியின் வழியாக எழுதுவது க்யூட்டுக்குத் தெரியாது. ஆகவே நான் எழுதிய ஒவ்வொரு பைட்டும் பழையதிலும் புதியதிலும் சேர்ந்தே விழுந்தது. பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவன் கதைதான்.

ஒதுக்கீட்டை முதலிலும் பிட்ஸை அதற்குப் பிறகும் வைத்தால் போதும். வரிசையை நினைவில் வைக்க முடியாது என்பவர்கள் காப்பி என்ற செயற்கூற்றை அழைத்து நேர்மையான நகலை எடுத்துக்கொள்ளலாம். படிக்க மட்டும் வேண்டிய இடத்தில் கான்ஸ்ட்ஸ்கேன்லைனையே அழையுங்கள். அது ஒருபோதும் நகலெடுக்காது.

19 பிப்ரவரி 2023

பின்புலம் ஒளிபுகும் படங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். என் நோட்டுகளில் ஒளிபுகும் பக்கம் எதுவும் இல்லை. இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏஆர்ஜிபி32-ப்ரீமல்டிப்ளைடு என்ற ஃபார்மேட்டில் நிறங்கள் ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கப்பட்டுக் கிடக்கின்றன. பாதி ஒளிபுகும் முழுச் சிவப்பு 255 என்று இருக்காது, 128 என்று இருக்கும். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்த முறை இது. ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைப்பதற்கு இதுவே வசதி என்பதால் க்யூட்டின் வரையும் வகுப்பான க்யூபெயிண்டரும் இதையே விரும்புகிறது. ஆனால் பிரகாசத்தைக் கூட்டும்போது ஒரு நிறம் தன் ஆல்ஃபாவைத் தாண்டிவிட்டால் அந்தப் பிக்சலுக்குப் பொருளே இல்லை. ஓரங்களில் கண்ணைக் குத்தும் புள்ளிகள் வருவது அதனால்தான். நிறங்களைப் பெருக்காமல் வைக்கும் ஏஆர்ஜிபி32-க்கு மாற்றி, திருத்தி, திரும்ப மாற்றுங்கள். முற்றிலும் அதே நிறம் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்: ஆல்ஃபா 3 ஆக உள்ள இடத்தில் சிவப்பு 100 என்பது 1 ஆகச் சேமிக்கப்படும், திரும்பி வரும்போது 85 ஆக வரும்.

19 பிப்ரவரி 2023, சிறிது நேரம் கழித்து

இன்டெக்ஸ்டு8 படத்தில் செட்பிக்சலுக்குத் தர வேண்டியது நிறம் அன்று, நிறப் பட்டியலில் அதன் வரிசை எண். அந்த வகைப் படத்தின் கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்ற 87 லட்சம் பிக்சல்களையும் தொட வேண்டியதில்லை, பட்டியலில் உள்ள 256 நிறங்களை மாற்றினால் போதும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

26 பிப்ரவரி 2023

இது க்யூட்டின் குற்றமே அன்று, என்னுடையது. வெளுப்பதற்கான எல்லையைப் பக்கத்தின் சராசரிப் பிரகாசத்திலிருந்து கணக்கிடுகிறேன். எல்லாப் பக்கமும் நன்றாக வந்தன. நோட்டின் கடைசியில் பிற்காலத்தில் ஒட்டிய, மஞ்சளே ஏறாத ஒரு தாள் மட்டும் ஓர் எழுத்துகூட இல்லாமல் வெண்மையாக வந்தது. கூட்டுத்தொகையைச் சாதாரண முழு எண் மாறியில் வைத்திருந்தேன். 87 லட்சம் பிக்சல்களும் 255 என்றால் கூட்டு 221 கோடியைத் தாண்டும். அந்த மாறி தாங்கும் எல்லை 214 கோடி சொச்சம். சராசரி 246-க்கு மேல் போகிற பக்கத்தில் மட்டுமே கூட்டு நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகிறது, வெளுக்கும் எல்லையும் எதிர்மமாகிறது, அதைவிடப் பிரகாசமானவையெல்லாம், அதாவது மையும் சேர்த்து எல்லாமே, தாள் என்று கருதப்படுகின்றன. அழுக்கான பக்கங்களைச் சரியாகப் படித்துவிட்டு, சுத்தமான ஒரே பக்கத்தை அழித்த நிரல் என்னுடையது. 64 பிட் மாறி போட்டதும் சரியாயிற்று.

2 மார்ச் 2023

600 டிபிஐயில் ஸ்கேன் செய்த பக்கம் திறக்கவே மறுக்கிறது என்பவருக்கு: கோப்பு பழுதாகவில்லை. க்யூட் 6.2-இல், கோப்பிலிருந்து படத்தைப் படிக்கும் க்யூஇமேஜ்ரீடர் ஒரு படத்துக்கு 128 எம்பிக்கு மேல் நினைவகம் ஒதுக்காது. 4960-க்கு 7016 என்ற படம் 32 பிட்டில் கிட்டத்தட்ட 133 எம்பி ஆகிறது, நூலிழையில் தப்பவில்லை. செட்அலொகேஷன்லிமிட் வழியாக எல்லையை உயர்த்துங்கள். பூஜ்யம் தந்தால் எல்லையே இல்லை, ஆனால் பிறர் அனுப்பும் கோப்புகளைத் திறக்கும் செயலியில் அப்படிச் செய்ய வேண்டாம்.

9 மார்ச் 2023

சாம்பல் நிறமாக்க க்யூகிரே போதுமா என்ற கேள்விக்கு, மஞ்சள் தாளில் நீல மைக்குப் போதாது என்பது என் அனுபவம். க்யூகிரே சிவப்பை 11-ஆலும் பச்சையை 16-ஆலும் நீலத்தை 5-ஆலும் பெருக்கிக் கூட்டி 32-ஆல் வகுக்கிறது. என் நோட்டில் ஒரு தாள் புள்ளியை எடுத்தால் சிவப்பு 232, பச்சை 214, நீலம் 170. மங்கிய மை 150, 150, 165. க்யூகிரேயில் தாள் 213, மை 152, இடைவெளி 61. சிவப்புத் தடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி 82. நீல மை சிவப்பை விழுங்குகிறது, பழுத்த தாள் சிவப்பைத் திருப்பித் தருகிறது. ஆகவே க்யூரெட் ஒன்றே போதும், கணக்கும் மிச்சம். எல்லா நோட்டையும் இப்படியே ஓட்டிவிட்டேன்.

13 மார்ச் 2023

9ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன். என் அத்தை வெளுத்த பக்கங்களைப் பார்த்துவிட்டு, "ஊரில் ஒருவர்கூடவா அப்பாவுக்குக் கடனைத் திருப்பித் தரவில்லை?" என்று கேட்டார். தாத்தா, கடன் அடைந்ததும் அந்தப் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவார். சிவப்பு மையின் சிவப்புக் கூறு 190. எல்லைக்கு மேலே, தாளோடு தாளாகப் போய்விட்டது. 41 பக்கத்திலும் அடித்த கோடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அடைந்த கடனையெல்லாம் நான் மீண்டும் நிலுவையில் நிறுத்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை இரண்டில் எது சிறியதோ அதை எடுத்துக்கொள்ளுமாறு இப்போது மாற்றியிருக்கிறேன். தாள் 214, சிவப்பு மை 60, மங்கிய நீல மை 150. மங்கிய மைக்கு இடைவெளி 82-இலிருந்து 64 ஆகக் குறைகிறது. சிவப்புக் கோட்டுக்கு 42 ஆக இருந்தது 154 ஆகிறது. மூலப் படங்களைத் தொடாமல் வைத்திருந்ததால் நோட்டு முழுவதையும் மறுபடி ஓட்ட முடிந்தது. மிகவும் மங்கிய மூன்று பக்கங்களுக்கு மட்டும் இரண்டு வடிவங்களையும் சேமித்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றில் அடித்திருப்பது கோடா, தாளின் மடிப்பா என்று அத்தையும் நானும் இன்னும் பேசி முடிக்கவில்லை.